சுறா: பூச்சியம்

2025 செப்டெம்பர் 8, திங்கள்

கோடுபோட்ட பனியன்காரர் இன்று மறுபடி வந்தார். மேற்குக் கரையில் பிரெத்தன் பக்கத்து மீன்பிடிக் கம்பனி ஒன்றின் பேச்சாளர். ஐம்பத்தைந்து வயது. பாரிசுக்கு வரும்போது மட்டும் மாலுமி உடுப்புப் போடுவார் என்று நினைக்கிறேன். கை கொடுத்தார், என் கையைவிட மெத்தென்று இருந்தது. அந்தக் கை வலை இழுத்ததென்றால் நான் விமானம் ஓட்டியவள்.

தகரத்தில் அடைத்த மீன் நாலு ரின் பரிசாகக் கொண்டுவந்தார். ஷார்லோத் வாங்க மறுத்தாள். மறுத்ததோடு விடாமல், மறுத்ததை ஒரு படிவத்தில் எழுதி எனக்குக் கோப்பில் போடத் தந்தாள். நாலு ரின்னுக்கு ஒரு படிவம். பெரிய உத்தமி. முப்பத்து நாலு வயதில் எனக்கு மேலதிகாரி. சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலே பாதிக் கூட்டத்தை நடத்துவாள்.

பதினொரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பாரிசில் ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் மூன்றாம் மாடி. யன்னலுக்கு நேரே பாலத்தில் மெத்ரோ போகும். எந்த மீன்பிடி கடலைக் கெடுக்காமல் நடக்கிறது என்று பார்த்து முத்திரை கொடுப்பது அலுவலகத்தின் வேலை. முத்திரை ஒட்டினால் மீன் கூடிய விலைக்குப் போகும். நிபுணர்கள் புள்ளி போடுவார்கள், நான் தட்டெழுதுவேன். எங்களுக்குக் கூலி கொடுப்பது முத்திரை கேட்கும் கம்பனிதான். பரீட்சை எழுதுகிறவரே திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். இதை ஒருநாள் ஷார்லோத்திடம் சொன்னேன். காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

இந்தமுறை மீன் கறுப்புச் சாவாளை. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே, வெயிலே படாத குளிர்த்தண்ணீரில், எழுநூறு மீட்டருக்குக் கீழே கிடப்பது. அவ்வளவு ஆழத்தில் போய் ஒளித்தும் தப்பவில்லை, பாவம்.

செப்டெம்பர் 11, வியாழன்

நான் மன்னாரில் பேசாலையில் பிறந்தவள் என்று ஷார்லோத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என்னிடம் கடலைப் பற்றிப் பேசும்போது குரல் குழைகிறது. எனக்குக் கடல் பிடிக்காது. நாறும். இதைச் சொன்னால் நம்பமாட்டாள்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

நாள் முழுக்கப் புள்ளிப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் நூற்றுக்கு எத்தனை என்று போட வேண்டும். எண்பது என்றால் நிம்மதி. அதற்குக் கீழே என்றால் ‘ஐந்து வருடத்தில் திருந்துவோம்' என்று கையொப்பம் வைக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியில் அறுபதுக்குக் கீழே போனாலும் முத்திரை இல்லை.

அதில் ஒரு கேள்வி ஆழச்சுறாவைப் பற்றியது. அந்தக் கடலில் அதைப் பிடிக்கக்கூடாது. தவறி வலைக்குள் வந்தாலும் கரைக்குக் கொண்டுவரக்கூடாது. மெல்ல வளர்ந்து மெல்லக் குட்டி போடும் சாதி; எடுத்தால் எடுத்ததுதான். எடுக்கிறார்களா என்று பார்க்கப் பன்னிரண்டு பயணத்துக்கு ஒரு பயணம் ஒரு பார்வையாளர் கப்பலில் ஏறுவார். எந்தப் பயணத்தில் ஏறுவார் என்பது ஒரு மாதத்துக்கு முன்பே கம்பனிக்குத் தெரியும், கலியாண வீட்டுக்கு நாள் குறித்தது போல.

மூன்று வருடத்தில் அப்படி ஒன்பது பயணம். சுறா: பூச்சியம். சுறா: பூச்சியம். ஒன்பது தரம் தட்டினேன். சாவாளை ஏறுகிறது, வேறு என்னென்னவோ ஏறுகிறது, சுறா மட்டும் வலையைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுகிறது. நல்ல வளர்ப்பு.

கடைசியில் சுறாக்களை அடையாளம் காணும் படத்தாளையும் இணைத்தேன். அதில் ஒன்றுக்கு வட்ட வட்டமாகச் செதில், மற்ற மீன்களைப் போலவே. கடற்கரையில் பிறந்தும் செதில் உள்ள சுறாவை நான் கண்டதில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

யசோதாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. இரண்டு பேரும் சுகம். ஆண்டவருக்கு நன்றி.

என் மகள் இனி ஒருத்திக்குத் தாய். பிரசவ விடுதியில் அவள் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். என் கணவர் அல்பிரட் யாரோ பயணியைப் போலக் கதவோரம் நின்றார். பிறகு பார்த்தால் அந்த மனுசனும் அழுகிறார்.

செப்டெம்பர் 27, சனி

யசோதாவைப் பியர்ஃபித்தில் அவள் வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. பத்தியச் சாப்பாட்டை நான்தான் சமைத்துக் கொண்டுபோகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்த வறை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் என் மச்சாள் கொறற்றி பத்து வீட்டுக்குச் சொல்லுவாள்.

கொறற்றி என் தம்பி றெமிஜியஸின் பெண்சாதி. பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் றெமிக்கு மீன்கடை, ஒன்பது வருடமாக. இன்று சனிக்கிழமைச் சனம் தெருவரைக்கும் நின்றது. வரிசையை வெட்டி உள்ளே போனேன். தானாகவே இரண்டு கிலோ சுறாவைக் கட்டித் தந்தான். "அக்கா, பிள்ளைக்கு எண்டு பாத்து எடுத்து வைச்சனான்" என்றான். தலையில்லை, தோல் இருந்தது. கன்னங்கரேல் என்ற தோல்.

வீட்டில் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டத் தொடங்கினேன். சுறாத் தோல் என்றால் மணல் போலச் சொரசொரக்கும். இது வழுக்கியது. கத்தியோடு வட்ட வட்டமாகப் பெயர்ந்து வந்தது. கை நின்றுவிட்டது.

செதில்.

இல்லை, எனக்குப் பிரமை. பட்டியலைத் தட்டித் தட்டி மூளை பழுதாகிவிட்டது. இரண்டு செதிலைக் கழுவி ஒரு கடதாசியில் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

வறையை வறுத்து முடித்தும் யசோதாவிடம் கொண்டுபோகவில்லை. மீன் பழுது என்று சொல்லி முருங்கையிலைச் சுண்டலோடு போனேன். முழுவதையும் குப்பையில் போட்டேன். தேங்காய்ப்பூவும் போயிற்று.

செப்டெம்பர் 29, திங்கள்

பிரமை இல்லை. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபிறகு செதிலைப் படத்தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். அதேதான். அடியில் எழுதியிருந்ததையும் முதல்முறையாக வாசித்தேன். பதினொரு வருடமாக இணைக்கிறேன், ஒரு இணைப்பையாவது வாசித்தது கிடையாது. இதன் வயது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். இதன் சொந்தக்காரச் சுறா ஒன்று எழுபது வருடம் இருக்குமாம். உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்குமாம்.

என்னைவிட வயதுபோன ஒன்றை எடுத்துத் துருவி, ஆறு நாள் குழந்தைக்குப் பால் சுரக்கக் கொடுக்க இருந்தேன். நானும் ஒரு அம்மம்மா.

ஒக்டோபர் 2, வியாழன்

அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன். வியாழக்கிழமைதான் பிரெத்தன் லொறி வரும். கடையின் பின்பக்கம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாப் பெட்டியிலும் கறுப்புச் சாவாளை என்று அச்சடித்து, கப்பலின் பெயர்: மோர்-லூரன். என் கோப்பில் உள்ள அதே கப்பல். பிடித்த திகதியும் இருக்கிறது. மேலே ஒரு வரிசை சாவாளை. அதைத் தூக்கினால் கீழே சுறா.

எங்கேயடா எடுக்கிறாய் என்று கேட்டேன். றெமிக்கு மறைக்க ஒன்றும் தோன்றவில்லை, பெருமையாகவே சொன்னான். லொறிக்காரன் முதலில் உரித்த சுறாத்தான் கொண்டுவந்தானாம். உரித்து வெட்டி வந்தால் அது சுறாவா வேறொன்றா என்று எந்த நிபுணனாலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கப்பலிலேயே உரித்திருக்கிறார்கள்.

"தோல் உரிச்ச சுறாவை ஆரக்கா வாங்குவினம்? இது திருக்கையோ, என்ன கோதாரியோ எண்டு கேக்குதுகள். ஒரு கிழமை அப்பிடியே கிடந்தது. தோலோடை தந்தால் எடுக்கிறன், இல்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். பயந்து பயந்து இப்ப தோலோடை தாறான்."

பில் இருக்கிறதா என்றேன். சாவாளைக்கு இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. இரண்டு நிபுணர், ஒன்பது பார்வையாளர் அறிக்கை, ஒரு கம்பனி நிறையக் கெட்டிக்காரர்கள். எல்லோரையும் ஏமாற்றியவர்கள், தோலைத் தடவிப் பார்க்காமல் மீன் வாங்காத எங்கள் சனத்திடம் மாட்டியிருக்கிறார்கள். இந்தச் சுறா கரைக்கு வரக்கூடாது என்று அவனுக்குச் சொன்னேன். "அப்ப ஏன் பிடிக்கிறாங்கள்?" என்று திருப்பிக் கேட்டான்.

அவன் முன்னால் யாருக்கோ மீன் வெட்டப் போன நேரத்தில் பெட்டியைப் படம் எடுத்தேன். நாலு படம். ஏன் எடுத்தேன்?

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. சொன்னால் அந்தக் கம்பனிக்கு முத்திரை கிடைக்காமல் போகும். போகட்டும். ஆனால் எங்கே கண்டாய் என்று கேட்பார்கள். றெமியின் கடை என்று சொன்னால் கடை மூடினதுக்குச் சமன். சொல்லாவிட்டால் ‘சுறா: பூச்சியம்' என்று நான் தட்டிய தாளுக்கு மேலே பச்சை முத்திரை விழும். யசோதாவைப் போல எத்தனை பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தப் பெட்டியின் அடியிலிருந்து வறை போகும்.

அல்பிரட்டிடம் சொன்னேன். றுவாசி விமான நிலையத்தில் இருபது வருடமாகப் பெட்டி தூக்கும் மனுசன். யார் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. போனில் இருந்து தலையை எடுக்காமல், "சுறா வந்து உன்னட்டை முறைப்பாடு வைச்சதோ?" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை.

ஒக்டோபர் 9, வியாழன்

புள்ளிக் கூட்டம். சுறாக் கேள்விக்கு எண்பத்தைந்து. எண்பத்தைந்து! நிபுணர்களில் மூத்தவர் கோப்பித் தண்ணீரை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி, ‘பூச்சியம் என்பது வலுவான தரவு' என்றார். படித்தவர்கள் பொய் சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்லும் பொய்க்கு இலக்கம் போடுகிறார்கள்.

பிறகு பனியன்காரர் ஒரு சிறு உரை. கடலைக் கெடுப்பது தங்களைப் போன்ற கம்பனிகள் அல்லவாம். எதையும் கேட்காமல் மலிவாகக் கிடைத்ததை வாங்கித் தின்னும் சந்தைகள்தானாம். "உதாரணத்துக்கு, இந்தப் பக்கம் லாச்சப்பலைப் பாருங்கள்" என்று யன்னலைக் காட்டினார். தன் லொறி வாராவாரம் எங்கே போய் நிற்கிறது என்று அந்த மனுசனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். நான் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன் என்பது தெரியாது. கோப்பி கொண்டுவந்து வைப்பவள் எங்கே இருந்தால் என்ன.

எதையும் கேட்காமல் வாங்குகிறோமாம். கேட்டபடியால்தானே தோல் வந்தது.

ஷார்லோத் பேனையை மேசையில் வைத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒக்டோபர் 10, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

வெளியார் யாராவது தகவல் தந்தால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. தகவல் தருபவர் பெயர், கண்ட இடம், கண்ட நாள், சான்று. எல்லாவற்றையும் நிரப்பினேன். நாலு படம், இரண்டு செதில், கடையின் விலாசம், கீழே என் கையொப்பம். கண்ட இடத்தை விட்டிருக்கலாம். ஆனால் பதினொரு வருடமாக மற்றவர்கள் அரையும் குறையுமாக நிரப்பிய படிவங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். எனக்கே வெறுமையாக விட மனம் வரவில்லை. அதோடு, யார் வாசிக்கப் போகிறார்கள்? ஷார்லோத்தை எனக்குத் தெரியும். நல்ல வார்த்தையாக நாலு சொல்லி, ஒரு உறையில் போட்டு, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவாள். அலுவலகத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளரை அவள் கைவிடுவாளா? சைக்கிளில் வந்தால் நேர்மையா?

என் கடமை முடிந்தது. றெமிக்கும் ஒன்றும் நடக்காது. கொடுத்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு வாசித்தாள். "நன்றி, லூசியா" என்றாள். நான் நினைத்த அதே குரல்.

நிம்மதியாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

பதினொரு நாளாகிவிட்டது, ஒரு மூச்சு இல்லை. சொன்னேனே.

யசோதாவின் மகளுக்கு இன்றுதான் சரியாக நித்திரை வந்ததாம். "அம்மா, நீங்க இவளைத் தூக்கித் தூக்கிப் பழுதாக்கிறீங்கள்" என்று யசோதா தமிழில் தொடங்கி, மிச்ச ஏச்சைப் பிரெஞ்சில் முடித்தாள்.

ஒக்டோபர் 30, வியாழன்

எழுதியே தீர வேணும்.

ஷார்லோத் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். படிவம் கிடைத்த அன்றைக்கே இரண்டு செதிலையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முடிவு வந்துவிட்டது. ஆழச்சுறாத்தான். கம்பனியின் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டாள். படிவத்தின் பிரதியைச் சட்டப்படி மோசடித் தடுப்பு அலுவலகத்துக்கும் கொடுத்தாயிற்று. இயக்குநர் கத்தினாராம், தன் வேலை போகலாமாம். அதைச் சொல்லும்போது சிரிக்கிறாள்.

"தன் சொந்தத் தம்பியின் கடையையே ஒருத்தி எழுதித் தந்தபிறகு, நான் மூடி வைத்தால் என்ன மனுசி?" என்றாள்.

பிரெஞ்சுக் கடதாசிகளில் எனக்கு இன்னும் பிறந்த வீட்டுப் பெயர்தான்; கடைப் பதிவிலும் அதே குடும்பப் பெயர் இருப்பதை அவள் கவனித்திருக்கிறாள். என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைக்கிறாள். நான் என்ன சொல்ல? அடியே, நீ மூடி வைப்பாய் எண்டு நம்பித்தான் தந்தனான் எண்டோ? உன்னை ஒரு கோழை எண்டு நினைச்சுத்தான் என்ரை தம்பியின்ரை பேரை உன்ரை கையிலை வைச்சனான் எண்டோ?

தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டேன்.

இந்தப் புத்தகத்தில் அவளைப் பற்றி எழுதியதை எல்லாம் மறுபடி வாசித்தேன். ரின் மீனைத் திருப்பிக் கொடுத்தவள். அதைப் படிவத்தில் எழுதியவள். எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது. நான்தான் பல்லிளித்துக்கொண்டு இருந்தேன்.

றெமிக்கு இன்றே சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 31, வெள்ளி

சொல்லவில்லை. கடை வாசல்வரை போனேன். வாடிக்கையாளர் நின்றார்கள். நாளைக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். இன்று காலை பத்து மணிக்கு நாலு பேர் றெமியின் கடைக்குள் போயிருக்கிறார்கள். சுறாவை நிறுத்தார்கள், பில் கேட்டார்கள், இரண்டு உறைபெட்டிகளை மூடி அரசாங்க முத்திரை வைத்தார்கள். கடையைத் திறக்கக்கூடாது என்று கண்ணாடியில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். கம்பனி இரண்டு வருடமாகக் கேட்டலைந்த முத்திரை என் தம்பிக்கு ஒரே நாளில் கிடைத்தது.

கொறற்றி ரெலிபோனில் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல்! என் வாய்க்கு வெட்கம் என்பதே இல்லை.

நவம்பர் 8, சனி

இன்னும் கேவலம் மிச்சமிருக்கிறது.

காட்டிக்கொடுத்தது யார் என்று றெமி கண்டுபிடித்துவிட்டானாம்: எதிர்க்கடை மகேந்திரராசா. மகேந்திரராசா அண்ணையும் மீன் விற்கிறார், றெமிக்கு முன்பே வந்தவர். றெமிக்குக் கூட்டம் சேர்ந்ததிலிருந்து அவருக்கு எரிச்சலாம். அவரைத் தவிர வேறு யார் செய்வார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. றெமி நேற்று நடுத்தெருவில் நின்று அவருடைய தகப்பனையும் சேர்த்துப் பேசியிருக்கிறான். அந்த மனுசன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். "குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாய் திறக்கேல்லை" என்று கொறற்றி விளக்கம் சொல்கிறாள். இன்று அவருடைய கடைக்கு எங்கள் ஊர்ச்சனம் ஒருவரும் போகவில்லை.

நான் போனேன். பாவம் பார்த்து ஒரு கிலோ நண்டு வாங்கினேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "உங்கடை தம்பிக்குச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் அப்பிடி ஆளில்லை" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு நண்டோடு வீட்டுக்கு வந்தேன். பதினொரு வருடமாகக் கம்பனிகளையும் நிபுணர்களையும் ஏளனம் செய்தவள் நான். எல்லோரையும் ஒரு தட்டிலும் என்னை மற்றத் தட்டிலும் வைத்தால் என் பக்கம்தான் தாழும்.

நவம்பர் 19, புதன்

கம்பனி விண்ணப்பத்தை ‘தானாகவே மீளப்பெற்றுக்கொண்டது'. ‘சகலரின் கருத்தையும் செவிமடுப்பதற்காக' என்று கடிதத்தில் இருக்கிறது. அந்தச் சொற்களை எழுதியவனுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். மீளப்பெற்றால் புள்ளி வெளியே வராது. தோற்றதாகவும் இல்லை, வென்றதாகவும் இல்லை. வேறு ஒரு அலுவலகத்தில் வேறு ஒரு பச்சை முத்திரைக்கு மறுபடி கேட்பார்கள். சுறா எடுத்த கப்பலுக்கு விசாரணை நடக்கிறதாம். மோர்-லூரன் அதுவரைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். லொறிக்காரனைக் காணவில்லை.

ஷார்லோத் போகிறாள். போகச் சொன்னார்களா, தானாகப் போகிறாளா என்று கேட்டேன். "இரண்டும்" என்றாள். மேசையைத் துப்புரவாக்க உதவி செய்தேன். லாச்சிக்குள் பூட்டி வைத்த உறை ஒன்றுகூட இல்லை. நாலு பென்சில், ஒரு சைக்கிள் சாவி.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. என்னை நல்லவள் என்று நினைக்கும் ஒரே ஆள். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து யசோதா குழந்தையோடு வந்திருந்தாள். பின்னேரம் றெமியும் வந்தான். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். கையில் பதிவுத்தபால், உடைக்கவில்லை. அரசாங்கக் கடிதம் எதுவும் அவன் உடைத்து வாசிப்பதில்லை; மொழி தெரியாமல் இல்லை, பயம். கடை தொடங்கிய நாளிலிருந்து வரி, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாக் கடிதமும் உறையோடு என்னிடம்தான் வரும். நான் வாசிப்பேன், பதில் எழுதுவேன், அவன் கையொப்பம் வைப்பான்.

"வாசியுங்கோக்கா. அந்த மகேந்திரராசான்ரை பேர் எங்கையும் இருக்கோ பாருங்கோ" என்றான். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

உடைத்தேன். எட்டுப் பக்கம். முதல் பக்கம் குற்றச்சாட்டு: பில் இல்லாத மீன், தடைசெய்த சாதி. இரண்டாம் பக்கம் பதில் தர வேண்டிய நாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. பக்கம் திருப்பத் திருப்ப எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் படங்கள். அவனுடைய கடையின் பின்பக்கம், பெட்டி, கப்பலின் பெயர். எட்டாம் பக்கம் படிவம். என்னுடைய எழுத்து. ஒன்றையும் கறுப்பு அடித்து மறைக்கவில்லை.

எட்டாம் பக்கத்தை மடித்து மடியில் வைத்திருக்கலாம். அவன் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை.

"முறைப்பாடு குடுத்தது ஆர் எண்டு போட்டிருக்கோ?" என்றான்.

"ஓம்."

"ஆர்?"

பெயரை வாசித்தேன். என் முழுப்பெயரையும், இந்த வீட்டு விலாசத்தையும், திகதியையும். கடைசி வரிவரைக்கும் வாசித்தேன்.

யசோதா குசினி வாசலில் நின்றாள். றெமி குழந்தையின் தலையை ஒரு கையால் பிடித்தபடி மெல்ல எழும்பி, யசோதாவிடம் கொடுத்தான். பிறகு கடிதத்தை என்னிடமே விட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். ஏன் என்று அவன் கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது: பாதரசம், சுறா, பனியன்காரர், ஷார்லோத். அவன் கேட்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

கொறற்றி யசோதாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாளாம்: றெமி நேற்று இங்கிருந்து நேரே எதிர்க்கடைக்குப் போயிருக்கிறான். மகேந்திரராசா அண்ணையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டானாம். யார் செய்தது என்று அவர் கேட்டதற்கு, "எங்கடை வீட்டு விசயம் அண்ணை" என்று மட்டும் சொன்னானாம்.

டிசம்பர் 10, புதன்

றெமியின் பதிலை இரண்டு இரவாக எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே நல்ல கடிதம். லொறிக்காரன் கொண்டுவந்தது, பெட்டியில் சாவாளை என்று அச்சடித்திருந்தது, தடை இருக்கிறதென்று ஒக்டோபர் இரண்டாம் திகதிவரை கடைக்காரருக்குத் தெரியாது. அன்றைக்குச் சொன்னவள் நான், தேவையானால் சாட்சிக்கு வருவேன். எல்லாம் உண்மை. அதற்குப் பிறகு சுறா விற்றானா என்பதைப் பற்றி நான் எழுதவில்லை, அவனிடம் கேட்கவும் இல்லை.

கையொப்பம் வைக்க, நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்லி யசோதா மூலம் சொல்லிவிட்டேன். வந்தான். கதவுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றான். வாசித்துக் காட்டவா என்றேன். வேண்டாம் என்றான். கடிதத்தைச் சுவரில் வைத்து, கடைசித் தாளின் அடியில் கையொப்பம் போட்டுத் திருப்பித் தந்தான்.

தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போய்விட்டான்.